தரை வரைக்கும் மடங்க வேண்டிய கால்

நான் இருக்கும் ஜெர்மன் ஊரில் பெரிய மனிதர்கள் நின்றுகொண்டே வண்டி ஓட்டுகிறார்கள். கோட்டு போட்டவர், தலை நரைத்த அம்மா, எல்லாரும்தான். ஒரு பலகை, முன்னும் பின்னும் சின்னச் சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. இ-ஸ்கூட்டர் என்கிறார்கள். பேட்டரியில் ஓடும். முதலில் பார்த்தபோது யாரோ சீட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு நானும் ஒன்று வாங்கினேன். அறையிலிருந்து நான் சமைக்கும் ஓட்டலுக்குப் பத்து நிமிடம். நடுவில் ஒரு ரயில்வே கேட்.

எனக்குச் சொந்த ஊர் குன்னம். பெரம்பலூர்ப் பக்கம் ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் அரியலூர் போக வேண்டும். சிமெண்டு மூட்டை ஏற்ற அங்கே மொபெட்டில் போய்வந்தவன் நான். கேட் போட்டால் லாரிகள் நிற்கும். நாங்கள் நிற்க மாட்டோம். வண்டியைச் சாய்த்து, தலை குனிந்து, அடியில் நுழைந்துவிடுவோம். "தூரத்துலதான்டா வருது" என்று எவனாவது சொல்வான். அது போதும். கேட்காரர் திட்டுவார். அவருக்கு அது வேலை, எங்களுக்கு இது வேலை.

ஒரு காலையில் அதே வேலையை இங்கே செய்தேன். கேட் மூடியிருந்தது. ஒரு ரயில் போனது. போனதும் பலகையோடு குனிந்து நுழைந்தேன். எதிரே நின்ற ஜனத்தில் ஒருவரும் அசையவில்லை. அதைக் கவனித்திருக்க வேண்டும். அடுத்த தடத்தில் இன்னொரு ரயில் வந்தது. மொபெட் சக்கரம் தண்டவாளத்தை ஏறிக் கடந்துவிடும். இந்தச் சக்கரம் தோசைக் கரண்டி அகலம், தண்டவாளச் சந்தில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். மனம் வரவில்லை, இழுத்தேன். ஸ்டேஷனில் நிற்க வேண்டிய ரயில், மெதுவாகத்தான் வந்தது. அது வண்டியை அடித்தது. வண்டி என்னை அடித்தது. வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு அம்மா பேசுவதற்கென்றே வந்தார். என்னோடு சமைக்கும் சவரிமுத்து அண்ணன், வரதராசன்பேட்டைக்காரர், மொழிபெயர்த்தார்.

"சாகப் பாத்தியான்னு கேக்குறாங்கடா."

"இல்லண்ணே. எங்க ஊர்ல எல்லாரும் இப்பிடித்தான் போவோம்னு சொல்லுங்க."

சொன்னார். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். முகம் வாடிவிட்டது.

"எல்லாருமேவான்னு கேக்குறாங்க. ஊருக்கே அப்பிடி என்ன துக்கம்னு கேக்குறாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குத் தொடையில் உயிர் போனது.

"துக்கமில்லண்ணே, அவசரம்னு சொல்லுங்க."

"என்ன அவசரம்னு திருப்பிக் கேட்டா?"



எனக்கு வேறு கவலை. தங்கச்சி செல்வியின் மகளுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். சிறுவாச்சூர் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஒரே தாய்மாமன். தரையில் சம்மணம் போட்டு, மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம்தான் இருந்தது. செல்வியிடம் சொல்லவில்லை. போனில் முகத்தை மட்டும் காட்டினேன். சவரிமுத்து அண்ணன் பின்னாலிருந்து போனைத் திருப்பிக் காலையும் காட்டிவிட்டார். செல்வி அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"மடி இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"பாக்கலாம்."

"வேற மடியில வைக்க மாட்டேன். நீ மடக்குனாதான் அவளுக்குத் தோடு."

காலைப் பழக்க ஒரு பையன் வந்தான். நல்லவன். முட்டி நாற்காலி அளவுக்கு மடங்கியதும் கை தட்டினான். முடிந்தது என்றான். இந்த நாட்டுக்கு நாற்காலி அளவு போதும். எனக்குத் தரை அளவு வேண்டும். சொல்லத் தெரியவில்லை, தரையைக் காட்டினேன். ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று தேடினான். பிறகு என் மருமகளின் போட்டோவைக் காட்டி, என் மடியைத் தட்டி, காதைக் கிள்ளிக் காட்டினேன். பாயை எடுத்து விரித்தான். அவனும் எதிரில் சம்மணம் போடப் பார்த்து மல்லாக்க விழுந்தான். தினமும் ஒரு விரல்கடை இறங்கினேன். கடைசியில் ஓட்டலிலிருந்து அரிசி மூட்டையை வரவழைத்து மடியில் வைத்துப் பழகினேன். அவன் அந்த மூட்டைக்குத் தினமும் வணக்கம் சொல்வான்.

சிறுவாச்சூரில் உட்கார்ந்தேன். முட்டி படக்கென்றது. சுற்றி நின்றவர்களுக்கே கேட்டது.

"வலிக்குதாண்ணே?" என்றாள் செல்வி.

"புள்ளயக் குடு."

ஆசாரி குத்தினார். பிள்ளை கத்தி என் கையைக் கடித்தது. அரிசி மூட்டை கடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். செல்வி அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் அரியலூரில் செல்வி வீட்டுக்காரர் என்னையும் பிள்ளையையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். கேட் போட்டிருந்தது.

"குனி மச்சான், போயிரலாம்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர் மட்டும் குனிந்து போனார். ரயில் வந்தது, போனது. என்னைச் சுற்றி எல்லாரும் நுழைந்து போய்விட்டார்கள்.

"வா மச்சான், ரயில்தான் போயிருச்சே."

"இன்னொன்னு வரும் மாப்ள."

வரவில்லை. பின்னால் லாரி டிரைவர் தலையை நீட்டி, "என்னங்க, கேட்டுக்கு மாலை போட நிக்கிறீங்களா?" என்றார். பிள்ளை புதுத்தோட்டோடு அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

கேட் மேலே போனது. இடது கால், அது பாதி ஏறும்போதே கிளம்பிவிட்டது. கம்பி வைத்த வலது கால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பிறகுதான் வந்தது.