நான்கு ஞாயிறும் நிக்கராகுவாவும்

1943ஆம் ஆண்டு ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோரின் சுவர்க் கடிகாரத்தில் மாலை ஐந்தரை. சூரியனைக் கேட்டால் நான்கு என்றுதான் சொல்லியிருக்கும். ஜப்பான்காரர்கள் வந்த கையோடு எங்கள் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றி, ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். மதியம் தொடங்கிய மழை நின்று இருபது நிமிடம் ஆகியிருந்தது. காற்று இல்லை. நிறுவைத் தொட்டியில் ஒட்டிக்கிடந்த ரப்பர் பால் புளித்து நாறியது. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு நூற்றெழுபத்தொரு பேர்.

சிலர் இது அடுத்த வருடம் நடந்தது என்கிறார்கள். தவறு. என் தங்கை மகன் அதைச் சபையில் வைத்தே சொன்னான். அங்கே இருந்தவன் நான். அவன் பிறக்கவே இல்லை.

மலாய் நாட்டில், பகாவ் ஊரிலிருந்து ஆறு மைல் தள்ளி இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் நான் இரண்டாவது கிராணி. வயது இருபத்துநான்கு. வேலைக்கு வந்தவர்களின் பெயரைச் செக்ரோலில் குறிப்பதும், அரிசிப் பங்கீட்டுத் தாள் எழுதுவதும் என் வேலை. வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது பங்களாவில் இருநூற்றுப் பதினான்கு புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார். அவருடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஜப்பான் அதிகாரி ஆங்கிலம் படிப்பார். மெதுவாக, விரலை வரியின் கீழ் வைத்துப் படிப்பார். தோட்டத்துச் சனம் அவரையும் துரை என்றுதான் அழைத்தது. நாற்காலி அதேதானே.

மே மாதத்தில் ஒருநாள் அவர் ஒரு புத்தகத்தை என் மேசையில் போட்டார். நிக்கராகுவா என்ற நாட்டின் அரசியல் வரலாறு. அமெரிக்காவுக்குத் தெற்கே, ஸ்பானிய மொழி பேசுகிற, காப்பியும் வாழையும் விளைகிற சின்ன நாடு. அமெரிக்கர்கள் அதை என்ன பாடு படுத்தினார்கள் என்று முந்நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு எழுதியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை தோறும் இதை உன் ஆட்களுக்குச் சொல்" என்றார். "வெள்ளைக்காரன் எப்படிப்பட்டவன் என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். முதலில் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டு. நான் முத்திரை குத்துவேன். தாளில் உள்ளதைத் தாண்டி ஒரு சொல் பேசக்கூடாது."

நான் தாண்டவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். நான்கு ஞாயிறும் ஒரு சொல்கூடத் தாண்டவில்லை.

முதல் ஞாயிறு, மே 23. சுங்கச்சாவடியைப் பற்றிச் சொன்னேன். கடன் கொடுத்தவர்கள் என்ற பேரில் அந்நியர்கள் வந்து அந்த நாட்டின் சுங்கச்சாவடியில் உட்கார்ந்துகொண்டார்கள். துறைமுகத்தில் விழுகிற வரியை அவர்களே எண்ணி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் நாட்டுக்காரனிடம் கொடுத்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் யார் கதை சொன்னாலும் கேட்கிறவர்களில் ஒருவர் உம் கொட்ட வேண்டும். சொல்கிறவர் ஒரு வாக்கியம் முடித்தால் "உம்" வர வேண்டும். வராவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். அந்த வேலையை, ஆட்களை மேய்க்கும் கங்காணியான பெரிய மண்டோர் தானாகவே எடுத்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது, கனத்த தொண்டை. வயது வந்த இரண்டு மகன்கள், இருவரும் பால் வெட்டுகிறவர்கள். அவர் கொட்டிய "உம்" கொட்டகையின் கடைசித் தூண் வரை போகும். ஜப்பான் துரைக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு "உம்"முக்கும் தன் தலையையும் ஆட்டினார். என் பேச்சை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நினைத்தார். அதுதான் அவர் செய்த பிழை. உம் என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டுமே அர்த்தம்.

"கிராணியாரே" என்று ஒரு பெண் கேட்டாள். நாற்பதாம் நம்பர் வெட்டில் பால் வெட்டுகிறவள், எதையும் கேட்க அஞ்சாதவள். "நம்ம கடையில எறங்குற அரிசிய அவங்களே அளந்து எடுத்துக்கிட்டு, மிச்சத்த நமக்குக் குடுக்கிறாங்களே, அந்த மாதிரியா?"

"நான் நிக்கராகுவாவப் பத்தித்தான் பேசுறேன்."

"நானும் அதத்தான் கேக்குறேன்."

கொட்டகை சிரித்தது. துரையும் சிரித்தார்.

இரண்டாம் ஞாயிறு, படை இறங்கிய கதை. உங்களைக் காப்பாற்றத்தான் வந்தோம், அமைதி வந்ததும் போய்விடுவோம் என்று சொல்லி இறங்கிய அந்நியச் சிப்பாய்கள், நடுவில் ஒரு சிறு இடைவெளி போக, ஏறக்குறைய இருபது வருடம் அங்கேயே இருந்தார்கள்.

"இருபது வருசமா!" அதே பெண்தான். "அடி ஆத்தா, நமக்கு ஒன்றரதான ஆயிருக்கு!"

மண்டோர் திரும்பிப் பார்த்து, "சும்மா இரு பிள்ள, கத கேக்க விடு" என்று அதட்டினார். ஆனால் அவர் தோளும் குலுங்கியது.

மூன்றாம் ஞாயிறு மலைக்குப் போன தளபதியைப் பற்றியது. ஆயுதத்தைக் கீழே போடு என்று எல்லோரும் சொன்னபோது, முப்பது பேர்கூட இல்லாத கூட்டத்தோடு அவர் காட்டுக்குள் போனார். விமானத்திலிருந்து குண்டு போட்டும் அவரைப் பிடிக்க முடியவில்லை. அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேர் பேச்சு முடிந்தபின் என் வீட்டுக்கே வந்து அந்த ஊரில் எந்த மாதிரிக் காடு, என்ன தின்றார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். புத்தகத்தில் இல்லை என்றேன். அதில் இல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

நான்காம் வாரத்தில்தான் அரிசித் தாள் என் கைக்கு வந்தது.

ஜூன் 11, வெள்ளிக்கிழமை. மறுவாரத்துக்கான பங்கீட்டைப் பிரதி எடுக்கும்படி துரை ஒரு தாளைக் கொடுத்தார். திங்கள் வரைக்கும் முந்நூற்றுப் பதினொன்று தலை. செவ்வாய்க்கிழமையிலிருந்து இருநூற்று நாற்பத்தொன்பது. கூட்டலில் பிழை என்று நினைத்தேன். இரண்டு முறை கூட்டினேன். பிழை இல்லை. அறுபத்திரண்டு தலை குறைகிறது. செக்ரோலை எடுத்து, பதினெட்டு வயதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்களை எண்ணினேன். அறுபத்திரண்டு.

அடுத்த தாளில் திங்கட்கிழமை மாலைக்கு இரண்டு லாரி எழுதியிருந்தது.

தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சயாமில் ரயில்பாதை போடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை என்பதும் தெரியும். யாரை, எந்த நாளில், எப்படிக் கொண்டுபோவார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அந்த மத்தியானம் அது எனக்கு மட்டும் தெரிந்தது. சொல்ல வாயில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் துரைக்குத் துப்புக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். யார் என்று இன்றுவரை தெரியாது. ஒரு வீட்டில் சொன்னால் ஒரு மணி நேரத்தில் எல்லா வீட்டுக்கும் போகும், பங்களாவுக்கும் போகும். பிறகு லாரி திங்கட்கிழமை வராது, வெள்ளி மாலையே வரும். என் தலையும் பகாவ் சந்தைக்கு எதிரே கம்பில் இருக்கும்.

சனிக்கிழமை காலை நான்காவது பேச்சுக்கு ஒரு பக்கம் எழுதி நீட்டினேன். தளபதியின் முடிவு. துரை விரல் வைத்துப் படித்தார். "அமெரிக்கர் பயிற்சி கொடுத்த காவல்படை" என்ற வரி அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இருமுறை வாய்விட்டுப் படித்து, முத்திரை குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு முதலில் துரை எழுந்தார். அவர் மலாயில் சொல்ல, பெரிய கிராணி தமிழில் சொன்னார். நாளை மாலை பகாவில் இலவசப் படம். ஆண்களுக்கு மட்டும். போக வர லாரி. படத்துக்கு முன்னால் எல்லோருக்கும் சோறு, ஆளுக்கு ஒரு பொட்டலம் சிகரெட்.

கொட்டகை அதிர்ந்தது. பங்கீட்டு அரிசி கஞ்சிக்கே போதாமல் ஐந்து மாதமாக மரவள்ளிக் கிழங்கைத் தின்றவர்கள். "சோறா?" என்று மூன்று பக்கத்திலிருந்து கேட்டார்கள். மண்டோரின் இளைய மகன் விசிலடித்தான்.

பிறகு என் முறை.

தளபதி மலையிலிருந்து இறங்கி வந்ததைச் சொன்னேன். "உம்." அந்நியப் படை கப்பலேறிப் போய்விட்டது, இனிச் சண்டை எதற்கு என்று சமாதானம் பேச வந்தார். "உம்." அந்நியர் போனாலும் அவர்கள் பழக்கிவைத்த காவல்படை இருந்தது. "உம்." ஒருநாள் மாலை ஜனாதிபதி தன் மாளிகையில் அவருக்கு விருந்து கொடுத்தார்.

"உம்." இந்த முறை குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"விருந்துக்கு வண்டியில போனாரு. நல்ல சாப்பாடு. சாப்பிட்டு முடிச்சு வெளிய வந்தாரு. வாசலத் தாண்டினதும் காவல்படை வண்டிய மறிச்சிருச்சு. ஊருக்கு வெளிய கொண்டுபோயி சுட்டுட்டாங்க."

நான் நிறுத்தினேன். "உம்" வரவில்லை.

மண்டோர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்தேன். நான் ஒன்றிலிருந்து எண்ணினேன். பதினொன்று வரை வந்தேன். துரை ஆட்டத் தயாராக வைத்திருந்த தலையோடு அங்கும் இங்கும் திரும்பினார்.

நாற்பதாம் நம்பர் வெட்டுக்காரி மெல்லக் கேட்டாள். "சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டா, கிராணியாரே?"

"சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டுத்தான்."

"அவர மட்டுமா?"

"கூடப் போன ரெண்டு தளபதிகளையும் சேத்து."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். கலையும்போது மண்டோர் என் அருகே வந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "நல்ல கத, கிராணியாரே. எனக்கு நாளைக்கி வயித்துவலி வரும்போல இருக்கு. என் ரெண்டு பயலுக்கும் வரும்."

"இப்பவே தெரியுதா மண்டோரே?"

"எங்க பரம்பர வயிறு. முன்னாலயே சொல்லிரும்."

மறுநாள் லாரி இரண்டும் சரியான நேரத்துக்கு வந்தன. துரை படிக்கட்டில் நின்றார். நான் செக்ரோலை விரித்து அறுபத்திரண்டு பெயரையும் வாசித்தேன். ஒவ்வொரு பெயரையும் முழுசாக, தகப்பன் பெயரோடு வாசித்தேன். அவசரப்படவில்லை. பெயருக்குப் பதில் வராதபோதெல்லாம் மண்டோர் ஓரமாகக் குந்தியபடி, "வயித்துவலி, துரை" என்றார். ஐம்பத்தேழு முறை சொன்னார். முப்பதாவது முறைக்குமேல் அந்தத் தொண்டையும் கட்டிப்போனது. ஆனாலும் விடவில்லை.

ஐந்து பேர் வந்தார்கள். முந்தின நாள் ஆற்றில் மீன் பிடிக்கப் போனவர்கள், கதை கேட்காதவர்கள். லயத்தில் யாரும் அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்து, படம் பார்க்கிற சட்டை போட்டு வந்திருந்தார்கள். ஒருவனிடம் நான் குரலைத் தாழ்த்தி, "உங்கம்மாவுக்கு முடியலையாம், வீட்டுக்குப் போ" என்றேன். "இப்பத்தான கிராணியாரே சட்டய எடுத்துக் குடுத்துச்சு" என்று சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினான்.

சிப்பாய்கள் தேடி வர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் ஐம்பத்தேழு பேரும் இல்லை. சிலர் புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போனார்கள். சிலர் காட்டோரம் கிழங்கு போட்டவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் மாடு மேய்த்தவர்களும் உண்டு. அவர்களில் எவரையும் சயாமுக்கு ஏற்றச் சிப்பாய்களால் முடியவில்லை.

என்னைத் திங்கட்கிழமையே கூப்பிட்டுவிட்டார்கள். துரை முத்திரை குத்திய நான்காவது தாளை மேசையில் வைத்து, மறுபடியும் விரலை வரியின் கீழே நகர்த்தினார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இதை மட்டும்தான் சொன்னாயா?"

"இதை மட்டும்தான்."

"வேறு என்ன சொன்னாய்?"

"வேறு ஒரு சொல்லும் இல்லை. உங்கள் முத்திரை இருக்கிறது, பாருங்கள். அமெரிக்கர்கள் கெட்டவர்கள் என்று நான் நிரூபித்துவிட்டேன்."

கடைசி வாக்கியம் தேவையில்லாதது. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் குறைவாக அடித்திருப்பார்கள் என்று என் மனைவி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்வதாக இல்லை. இன்று கேட்டாலும் அதே வாக்கியம்தான், அதே வரிசையில்.

வெறும் கதைதானே சொன்னாய், அதற்கு ஏன் இத்தனை பெருமை என்று ஒரு கூட்டத்தில் ஒரு பட்டதாரி என்னைக் கேட்டான். வரலாறு சொன்னேன், கதை அல்ல என்றேன். ஒரு சின்ன நாட்டுக்கு அந்நியர் செய்ததை, அந்நியர் கொடுத்த தாளில், அந்நியர் முத்திரையோடு, அந்நியர் முகத்துக்கு எதிரே சொன்னேன். கேட்டவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

லாரியில் போன ஐவரில் இருவர் 1946இல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மூவர் வரவில்லை. அம்மா எடுத்துக் கொடுத்த சட்டையோடு வந்தவன் அந்த மூவரில் ஒருவன். ஐம்பத்தேழு பெரிய எண் என்று சொல்லி என்னைத் தேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணத் தெரிந்தவனிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

எனக்கு ஆன செலவு இது. குவாலா பிலாவில் சிறை, நாற்பத்துமூன்று நாள். இடது காது செவிடு. முன்பல் நான்கு. 1958இல் செரம்பானில் பல் செட் கட்டினேன்: எண்பத்தைந்து வெள்ளி. நான்கு தடவை போக வேண்டியிருந்தது. பஸ் காசு போக வர ஒரு தடவைக்கு ஒரு வெள்ளி அறுபது காசு, ஆக ஆறு வெள்ளி நாற்பது. மொத்தம் தொண்ணூற்றோரு வெள்ளி நாற்பது காசு.