மச்சு ஊட்டுக் குரல்

“ஏம்மா கத்தறீங்க? பக்கத்துலதானே இருக்கேன்?” என்றாள் மகள். சாப்பிடத்தான் கூப்பிட்டேன்.

நான் வளர்ந்த வீடு அப்படி. திருப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் சிற்றூரிலேயே மிகப் பழைய வீடு அது. ஊரில் முதன்முதலாக மாடி வைத்துக் கட்டியது. வழி கேட்பவர்களுக்கு, “மச்சு ஊட்டுக்குப் பக்கத்துலீங்க” என்பார்கள்.

அம்மா போன பிறகு அப்பாவும் நானும்தான். நான் ஏழாவது படிக்கையில் அப்பா கூடத்தை ஒரு பனியன் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். மூன்று தலைமுறைக் கல்யாணங்கள் நடந்த இடத்தில் நிட்டிங் மெஷின்கள் ஓடின. தேக்குத் தூண்களில் பஞ்சு படிந்தது. மெஷின் இரைச்சலை மீறிச் சமையலறையிலிருந்து அப்பா, “கண்ணு, சாப்புட வா!” என்று தொண்டை கிழியக் கத்துவார். “வந்துட்டனுங்கப்பா!” என்று நானும் கத்துவேன்.

மூன்று வருடத்தில் கம்பெனி புது ஷெட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் மத்தியானமும் அப்பா அதே குரலில் கத்தினார். காலிக் கூடம் அதை அப்படியே திருப்பிச் சொன்னது. அப்பா கரண்டியோடு அசையாமல் நின்றார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. தட்டை வைத்துவிட்டு, நானாக வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

மகள் மறுபடி செல்போனைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

தட்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.