டிங்கரைக் கேட்டு ஒரு போன்

எங்கள் பட்டறையில் டிங்கர்கள் நாலு பேர். ஆனால் டிங்கர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அவர் ஒருவர்தான். மற்ற மூன்று பேருக்கும் இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தப்பட்டும் பயனில்லை. மோதி நசுங்கி வந்த கார் கதவை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, எங்கே அடிக்க வேண்டும் என்று பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுப்பார். அரை நாளில் கதவு நிமிர்ந்துவிடும். மற்றவர்கள் பாதி நிமிர்த்திவிட்டு மீதிப் பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பித் தேய்த்துவிடுவார்கள். அவர் பட்டி டப்பாவைத் தொடவே மாட்டார். “பட்டிங்கறது சோம்பேறி கண்டுபிடிச்சது” என்பார்.

நான் பெயின்டர். அவர் நிமிர்த்தித் தந்த தகட்டின் மேல் கலர் அடிப்பவன். ஒரு டிங்கரின் யோக்கியதை பெயின்டருக்குத்தான் தெரியும். கலர் ஏறி வெயில் பட்டதும், கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த நெளிவெல்லாம் பல்லைக் காட்டும். பதினோரு வருடத்தில் அவருடைய வேலையை நான் திருப்பி அனுப்பியது இரண்டே முறை. இரண்டு முறையும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவ்வளவு ரோஷம்.

அந்த மனிதர் குடியிருந்தது ஒற்றை அறையில். அவர், அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கும் மகள். அடுப்பு, பீரோ, கட்டில், மடித்து வைக்கும் மேஜை எல்லாம் அதற்குள்ளேதான். மகள் படிப்பதற்கு மாடிப்படி வளைவில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஏறி இறங்குகிறவர்கள் அவள் புத்தகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருநாள் யாரோ வாளியோடு ஏறும்போது நோட்டின் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். அவள் அழவில்லை, நோட்டைக் கொடியில் காயப்போட்டாள். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் டிங்கர் என்னிடம் சொன்னார்: “அவளுக்குக் கதவு போட்ட ஒரு ரூம் வேணும், தம்பி. உள்ள போய்த் தாழ் போட்டுக்கற மாதிரி. இங்க இருந்தா அது என் ஆயுசுல நடக்காது.”

வெளிநாட்டில் டிங்கர்களுக்குக் கிராக்கி என்று அவருக்குச் சொன்னது ஒரு ஏஜென்ட். கைத்தொழில் தெரிந்தவர்களைக் குடும்பத்தோடு குடியேற விடுகிறார்கள், ஆனால் நாற்பத்தைந்து வயதுக்குள் முடிவு வந்திருக்க வேண்டும் என்றார். அப்போது டிங்கருக்கு நாற்பத்திரண்டு.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு முறை மண்ணைக் கவ்வி மூன்றாவது முறை தேறினார். வேலை தெரியுமா என்று பார்க்க வீடியோ கேட்டார்கள். ஒரு காரின் பக்கவாட்டை அவர் நிமிர்த்துவதை நான்தான் என் போனில் எடுத்தேன். முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால், அரெஸ்ட் ஆனவன் மாதிரி நின்றார். கைரேகை பதியப் போனால் மிஷின் எடுக்கவில்லை. அரத்திலும் தின்னரிலும் தேய்ந்து தேய்ந்து விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. “ஒரு வாரம் கையைச் சும்மா வெச்சுக்கிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். இருபத்தைந்து வருடத் தொழிலில் அவர் ஒரு வாரம் சும்மா இருந்தது அப்போதுதான். மனைவி ராத்திரியில் எண்ணெய் தடவி, கைக்குத் துணி சுற்றிவிட்டாராம். ஏதோ மகாராணி கைபோல என்று கிண்டல் செய்தோம். மூன்றாவது தடவையில்தான் ரேகை விழுந்தது.

பட்டறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்ததற்கு முதலாளியின் கடிதம் வேண்டும். விஷயத்தைச் சொல்லிக் கேட்டால் அவர் தருவாரா? ஆபீஸ் பெண்ணிடம் சொல்லி டைப் அடித்து, மற்ற காகிதங்களோடு காகிதமாக வைத்து, சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கையெழுத்து வாங்கினோம். அதில் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. கையெழுத்தும் அவருடையது. ஆனால் எதில் போடுகிறார் என்று அவருக்குத் தெரியாது.

ஏஜென்ட் ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தார். கடிதம் நிஜமா என்று விசாரிக்கப் பட்டறைக்குப் போன் வரலாம், தயாராக இருங்கள் என்று. இங்கேதான் எங்கள் பட்டறையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நல்ல வேலைக்காரனை இன்னொரு பட்டறைக்காரன் கொத்திக்கொண்டு போவது எங்கள் தொழிலில் தினப்படி நடப்பது. அதற்காகவே போன் செய்வார்கள். இன்சூரன்ஸ் என்பார்கள், கூரியர் என்பார்கள், சொந்தக்காரன் என்பார்கள். அதனால் யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் “அப்படி ஒருத்தர் இங்க இல்லை” என்று சொல்லி வைத்துவிட வேண்டும். முதலாளி போட்ட சட்டம்தான். ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தது டிங்கர். “மரியாதையாப் பேசினா ரொம்ப உஷாரா இரு” என்று வேறு சேர்த்துக்கொள்வார்.

இந்த ஒரு போனுக்கு மட்டும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினோம். ஆபீஸ் பெண், நான், டிங்கர் மூன்று பேருக்குத்தான் தெரியும். வெளிநாட்டு ஆபீஸ் என்றால் இங்கிலீஷில்தான் பேசுவார்கள் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். “எஸ் சார், எய்ட்டீன் இயர்ஸ் சார், வெரி குட் வொர்க்கர் சார்” என்று நான் மனப்பாடம் செய்தேன். ஸ்ப்ரே அடிக்கும்போதுகூட மாஸ்க்குக்குள் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு மாதம் மணி அடித்தால் போதும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓடினோம். வந்ததெல்லாம் உதிரிப்பாகக் கடைக்காரன். மூன்றாம் மாதம் ஏஜென்ட்டே சொல்லிவிட்டார்: “இனிமே வராதுங்க. விசாரிக்கறதா இருந்தா இதுக்குள்ள விசாரிச்சிருப்பாங்க.” அந்த இங்கிலீஷை நானும் மறந்தேன்.

பிறகு காத்திருத்தல். டீ நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று போனைத் திறப்பார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இருக்கும். மூடுவார். ஆறு மாதம், எட்டு மாதம், அதே வரி. வீட்டில் மின்விசிறி நின்றது. விட்டுப் போகப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று சரி செய்யவில்லை. செருப்பு அறுந்தது. அதையும் தைக்கக் கொடுக்காமல் கம்பி கட்டிக்கொண்டு நடந்தார். பள்ளிக்கூடம் முடித்த மகள், அடுத்து எந்தப் படிப்பில் சேர்வது என்று கேட்டால், “அங்க போய்ப் பார்த்துக்கலாம்” என்றார். அந்த வருடம் அவள் எங்கும் சேரவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சொன்னேன். “உன் வேலையப் பாரு” என்றார்.

அவருடைய கையும் மாறியது. ஒருநாள் ஒரு பானெட்டைத் தேவைக்கு மேல் அடித்துத் தகட்டை இழுத்துவிட்டார். இழுபட்ட தகடு அடித்த இடத்தில் நிற்காது, அமுக்கினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வரும். தொழில் பழக வந்தவன் செய்யும் தப்பு அது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், போய்ப் பட்டி டப்பாவை எடுத்து வந்தார். மற்ற மூன்று டிங்கர்களும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அதன் மேல் நான் கலர் அடித்தேன். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. நாற்பத்தைந்துக்கு அவருக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

பதினோராவது மாதம். இரண்டு தெரு தள்ளி ஒருவன் புதிதாகப் பட்டறை திறந்து, ஒரே வாரத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேரைத் தூக்கிவிட்டிருந்தான். முதலாளி காலையிலிருந்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துவிட்டு வெளியே போயிருந்தார். ஆபீஸ் பெண் லீவு. மத்தியானம் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

ஒரு பெண் குரல். தேன் ஒழுகியது. டிங்கரின் முழுப்பெயரையும் சொல்லி, “அங்க வேலை பார்க்கறாருங்களா?” என்று கேட்டது. இங்கிலீஷ் இல்லை. நம் பேச்சு, நம் வீட்டுப் பேச்சு.

“நீங்க யாரும்மா?”

“ஒரு விவரம் சரிபார்க்கணும் சார், அவ்வளவுதான்.”

“அப்படி யாரும் இங்க இல்லைம்மா.”

“முன்னாடி வேலை பார்த்திருக்காரா சார்?”

“இருந்ததே இல்லை.”

“நீங்க அங்க என்ன பொறுப்புல இருக்கீங்க?”

வாய்க்கொழுப்பு என்பது இதுதான். “மேனேஜர்” என்றேன். எங்கள் பட்டறையில் மேனேஜர் என்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

வெளியே காருக்கடியில் படுத்திருந்த டிங்கர், “யாருடா?” என்று கத்தினார்.

“புதுப் பட்டறைக்காரன் பொம்பளைய விட்டுப் பேச வைக்கறான் அண்ணே. உன்னைத்தான் கேட்டா. நான்தான் மேனேஜர்னு சொல்லி, அப்படி ஆளே இல்லைன்னுட்டேன்.”

காருக்கடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் சிரித்து மாதக்கணக்காகியிருந்ததால் எனக்கும் சந்தோஷமாக இருந்தது. “நல்லாச் சொன்னே மேனேஜரு” என்றார். பிறகு சுத்தியல் சத்தம் கேட்டது.

மூன்று வாரம் கழித்து அவர் போனில் வரி மாறியது. முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, கடிதத்தைத் திறந்து பார்க்கவும் என்று. அன்று வெள்ளிக்கிழமை. அவர் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று இரண்டு நாள் போனைத் தொடாமல் வைத்திருந்தார். வீடியோ எடுத்தவன் என்று என்னையும் வரச் சொன்னார். போனபோது முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். அவர் மனைவி, எனக்கு அண்ணி, இனிப்பு டப்பாவைப் பிரிக்காமல் மேஜை மேல் வைத்திருந்தார்.

மகள்தான் படித்தாள். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்து நம் பேச்சில் சொன்னாள். முதல் பத்தியிலேயே அவள் குரல் இறங்கிவிட்டது.

“நிராகரிச்சிட்டாங்கப்பா.”

“ஏன்?” என்றார் அண்ணி.

“அனுபவக் கடிதம் பொய்யாம். பட்டறைக்குப் போன் பண்ணி விசாரிச்சாங்களாம். அப்பா அங்க வேலை பார்க்கவும் இல்லை, முன்னாடி பார்த்ததும் இல்லைன்னு சொல்லிட்டாங்களாம்.” தேதியையும் படித்தாள். நேரத்தையும் படித்தாள். “பேசினது மேனேஜர்னு போட்டிருக்கு.”

டிங்கர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். அவர் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

“முதலாளிகிட்ட வேற லெட்டர் வாங்கிக் கொடுத்தா?” அண்ணி விடவில்லை.

“அப்பீல் கிடையாதாம்மா. பொய்க் கடிதம் கொடுத்ததால பத்து வருஷம் மறுபடி கேட்கக் கூடாதாம்.” அவள் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். பத்து வருடம் என்றால் அவருக்கு ஐம்பத்து நாலு. கணக்குப் போட யாருக்கும் நேரமாகவில்லை.

“மேனேஜரா?” என்றார் அண்ணி. “உங்க பட்டறையில ஏது மேனேஜர்? யாருங்க அது?”

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் டிங்கர் சொன்னார்:

“புதுசா ஒருத்தன் வந்திருந்தான். ரெண்டு நாள் இருந்தான், போயிட்டான். பேர்கூடத் தெரியாது.”

அண்ணி அழுதார். அழுதுகொண்டே அந்த முகம் தெரியாதவனைச் சபித்தார். அவன் நாக்கு அழுகிப்போக, அவன் பிள்ளை குட்டி விளங்காமல் போக, அவனும் ஒருநாள் தெருவில் நிற்க என்று. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. டிங்கர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டாள். அறையில் மின்விசிறி ஓடாததால் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

பிறகு அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாதென்று டீ போட்டுக் கொண்டுவந்தார். என் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார்.

“தம்பி, இவர் விட்டுடுவார். இவருக்கு யார்கிட்டயும் சண்டை போடத் தெரியாது. நீங்க இவர் கூடப் பொறந்தவர் மாதிரி. அவன் எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சு எங்கிட்ட கூட்டிட்டு வாங்க. அவன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்கணும். என் புருஷன் உனக்கு என்னப்பா பாவம் பண்ணினார்னு கேட்கணும். செய்வீங்களா தம்பி?”

“சரி அண்ணி” என்றேன்.