அடிச்சுரத்துக்கு ஒரு மச்சான்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு தமிழ்ப் பங்கின் திருவிழா மேடையில் பாட வேண்டும். இருபது பேருக்குத்தான் செலவு ஏற்பார்கள். துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த நான் தினமும் கப்பலைப் பார்த்தேனே தவிர, ஒன்றிலும் பயணம் போனதில்லை. அதைவிட, என் ஒரே அக்கா கொழும்பில் வாழ்க்கைப்பட்டுப் போய் எட்டு வருஷமாகிறது. ஒருமுறைகூட ஊர்ப்பக்கம் வர வாய்க்கவில்லை. குழுவில் ஆண்களின் மேல்குரலான டெனர் பாடும் ஐந்து பேரில் நானும் ஒருவன், எனக்கு இடம் நிச்சயம். அக்கா பிள்ளைகளுக்கு வாங்கிப் போகிற மக்ரூன் ராமேஸ்வரம் போய்க் கப்பலேறி இறங்குவதற்குள் நொறுங்கிவிடுமோ என்பது மட்டுமே அப்போது எனக்கிருந்த கவலை.

எங்களைப் பாடவைக்கும் மாஸ்டருக்கோ வேறு கவலை. நாங்கள் பத்தொன்பது பேர் இருந்தோம், அடிக்குரலுக்குத்தான் ஆளில்லை. இருந்த இரண்டு பேரில் ஒருவருக்கு இழுப்பு, இன்னொருவர் குரல் அவர் மீசையைத் தாண்டாது. கடைசிப் பாட்டின் முடிவில் மற்றவர்கள் எல்லாரும் மேலே மேலே ஏறிப்போக, ஒரே ஒரு அடிச்சுரம் கீழே அசையாமல் நிற்க வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பாட்டே இல்லை.

மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பாட்டையும் கணக்காகத்தான் பார்ப்பார். "மூச்சடக்குதவன்கிட்டதானலே மூச்சு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சங்கு குளிக்கிறவர்களைத் தேடிக் கடலோரத் திரேஸ்புரத்துக்குச் சைக்கிளை மிதித்தார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம்.

மறுவாரம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும், அகன்ற மார்பு, உப்பேறிச் செம்பட்டையான முடி. கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டி இறங்கியவர், பிறகு சங்குக்குப் போகிறவர். மாஸ்டர் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். வந்தவர் வாயைத் திறந்தார். எங்கள் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. காதில் கேட்பதற்கு முன் உள்ளங்காலில் தெரிந்தது அந்தக் குரல். நான் கை வைத்திருந்த பெஞ்சு லேசாக அதிர்ந்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

ஆனால் ஒரு சங்கடம். நாங்கள் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்த மாட்டார். மாஸ்டர் கையை இறக்குவார், அவர் பார்க்க மாட்டார். கேட்டால், "அவ்வளவு ஆழத்துக்கு எறங்குனா கண்ணு தானா சொருகிருது, மாஸ்டர்" என்பார்.

"கடல்ல என்ன செய்வீங்க?"

"அங்கன மேல வள்ளத்துல மச்சான் கயித்தப் பிடிச்சிருப்பான். நான் அசைக்க மறந்தாலும் அவன் தூக்கிருவான். அவன கூட்டிட்டு வரட்டுமா?"

அவர் மனைவியின் தம்பி வந்தார். ஒல்லியான மனிதர். பாடச் சொல்லிக் கேட்ட மாஸ்டர் ஒரே அடியில் போதும் என்று கும்பிட்டுவிட்டார். கேட்டது பாட்டா இருமலா என்று எங்களுக்கே சந்தேகம். ஆனால் மச்சான் தன் அத்தானுக்குப் பின்னால் நின்று சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, மாஸ்டர் கை இறங்கும்போது ஓர் இழுப்பு இழுத்தால், அடிச்சுரம் எங்களோடு சேர்ந்து நின்றது. மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். பாட்டுப் பாடவும் வேண்டியிருந்தது.

ஆக இருபத்தொரு பேர். ஒருவர் குறைய வேண்டும், டெனரில்தான் ஆள் அதிகம். மாஸ்டர் எங்கள் ஐவரையும் பார்க்க, ஐவரும் கூரையைப் பார்த்தோம். நான் உடனே ஒரு யோசனை சொன்னேன்: "மாஸ்டர், நான் அவருக்குப் பின்னாலதான நிக்கேன். சட்டைய நானே இழுத்துட்டாப் போச்சு."

நல்ல யோசனைதான். பிடித்துப் பார்த்தோம். அவர் சுரத்தைத் தொட்டார். ஆனால் குரல் பாதியிலேயே மேலே வந்துவிட்டது, கண்களும் திறந்துகொண்டன. இரண்டாம் முறையும் அப்படித்தான். அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

"கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. ஒங்க கை நல்ல கைதான். ஆனா ஒங்க கூடப்பொறந்தவளையா நான் கெட்டியிருக்கேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கயிற்றைக் கைவிட்டால் அறுந்துபோவது தன் அக்காவின் தாலி என்று தெரிந்த கை அது. என் கை வெறும் டிக்கெட்டுக்காகப் பிடித்த கை.

மச்சான் என் இடத்துக்கு வந்தார். அங்கே மூன்று பேர் நிற்க முடியாது என்பதால் நான் இறங்கிக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டின் முடிவு வந்தது. நான்கு வருஷம் அந்தக் குழுவுக்குள்ளேயே நின்று பாடியிருக்கிறேன், எங்கள் பாட்டை ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். பெண்களின் குரல்கள் மேலே போய்க்கொண்டே இருந்தன, கீழே அந்த ஒற்றைச் சுரம் கடலடித் தரையைப்போலக் கிடந்தது. என்ன ஏறினாலும் அது தாங்கிக்கொள்ளும் என்றிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, காரணமில்லாமல் அழுகை வந்தது. ஓர் இழுப்பு. கோயில் முழுக்க அமைதி.

"சரி, டெனர்ல யாரு நின்னுக்கிடுதீங்க?" என்றார் மாஸ்டர். என் கை உயர்ந்திருந்தது. தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மனசு சம்மதிப்பதற்குள் கை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்க முடியாமல் என்னையே திட்டிக்கொண்டு நின்றேன்.

மச்சான் பின்னாலேயே வந்தார். "தம்பி, ஒங்க அக்கா அங்கன இருக்காவளாம்லா, மாஸ்டர் சொன்னாரு. எனக்கு அங்க பாட்டா கூத்தா, சும்மாதான் இருப்பேன். போய்ப் பாத்துட்டு வாரேன். என்ன சொல்லணும்?"

எட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது எத்தனையோ. ஒன்றைத்தான் எடுத்தேன்.

"பாட்டுக்கு வரச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "முன்னால உக்காரச் சொல்லுங்க."