மூடியைக் கழற்றிய ஸ்கேனர்

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் மதியம், என் மகள் வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் துப்பினாள். அவளுக்கு அப்போது மூன்று வயது நிறையவில்லை. அடம் பிடிக்கிறாள் என்றுதான் என் மனைவி முதலில் நினைத்திருக்கிறாள். இன்னொரு வாய் ஊட்டினாள், அதுவும் வெளியே வந்தது. பிறகு வாயோரம் எச்சில் வழியத் தொடங்கியது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தாள்.

செஞ்சி கடைத்தெருவில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், ஆதார் என்று ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். அன்றைக்கும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"எதையோ முழுங்கிட்டாங்க. காலையிலேர்ந்து சில்லறைக் காசு வெச்சி வெளையாடிட்டு இருந்தா. இன்னாடி முழுங்கினேன்னா தொண்டையைத் தொட்டுக் காட்டுறா."

மகள் என்னைப் பார்த்து "நைனா" என்றாள். குரல் கரகரத்திருந்தது. அந்தக் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

நான்கு கடை தள்ளி ஒரு வயதான டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். அவரிடம் பழைய எக்ஸ்ரே மிஷின் ஒன்று இருந்தது. படம் எடுத்து, இருட்டறையில் கழுவி, காயவைத்துத்தான் பார்க்க முடியும். மேசைமேல் படுக்கவைத்தபோது மகள் கத்தினாள். கத்தும்போதே எச்சிலில் புரையேறியது. நான் தோளைப் பிடித்துக்கொண்டேன், மனைவி காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் அசைந்துவிடுவாளோ என்ற பயத்தில் டாக்டர் மிஷினில் கதிரின் அளவைக் கூட்டி வைத்தார். படம் கழுவி வந்தபோது அளவுக்கு மீறிக் கறுத்துப்போயிருந்தது.

டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே வட்டமாக ஒன்று தெரிந்தது.

"காசு மாதிரிதான் இருக்குது. காசுன்னா பயமில்லை தம்பி, நிதானமா எடுத்துக்கலாம். ஆனா படம் கறுத்துப்போச்சு, ஓரம் சரியா தெரியலை. எனக்குச் சந்தேகமா இருக்குது. புதுச்சேரியில எனக்குத் தெரிஞ்ச கொழந்தை சர்ஜன் அம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க ஒரு பார்வை பார்க்கட்டும்."

செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பினார். அந்த அம்மா உடனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் பேச்சு எங்களுக்கும் கேட்டது.

"டாக்டர், ஒண்ணுமே தெரியலை. கோடு கோடா வருது, நடுவுல ஒரு வெள்ளை வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்தோட ஓரம் எனக்குத் தெரியணும். மறுபடி எடுக்க முடியுமா?"

மறுபடி எடுக்கலாம் என்று நினைத்த நேரத்தில் கரண்ட் போனது. கிளினிக்கில் விளக்குக்கும் காத்தாடிக்கும் இன்வெர்ட்டர் இருந்தது, எக்ஸ்ரே மிஷினை ஓட்ட அது போதாது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏதாவது பண்ணுங்க. மூச்சு வாங்குறா பாருங்க."

"அந்தப் படத்தைக் குடுங்க டாக்டர், நான் ஸ்கேன் பண்ணி அனுப்புறேன்" என்றேன். வேறென்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

என் கடை யுபிஎஸ்ஸில் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் ஓடும். படத்தை ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்து மூடியை மூடினேன். திரையில் வந்தது முழுக் கறுப்பு. வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் சாம்பல் பூசியது போல் ஆனதே தவிர, உள்ளே ஒன்றும் இல்லை. அந்த மிஷின் காகிதத்துக்காகச் செய்தது. அதன் விளக்கு கீழேயிருந்து அடித்து, வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பி வர வேண்டும். எக்ஸ்ரே படத்தில் அந்த வெளிச்சம் ஒருமுறை கறுப்பைத் தாண்டி மேலே போகிறது, மூடியில் பட்டு மறுபடி அதே கறுப்பைத் தாண்டி வருகிறது. வருவதற்குள் செத்துவிடுகிறது.

வெளிச்சம் மேலேயிருந்து வர வேண்டும் என்று தோன்றியது. யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து ஸ்டூலில் மனைவி மடியில் மகள் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி இருந்தாள். எச்சிலில் ஒரு சிவப்பு இழை வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு என் கை தானாகத்தான் வேலை செய்தது.

மூடியின் கீலைத் திருகாணியோடு பிடுங்கினேன். கரண்ட் போனால் எரியும் எமர்ஜென்சி லைட்டை எடுத்துப் படத்தின்மேல் குப்புற வைத்தேன். பல்புகள் புள்ளி புள்ளியாக வந்தன, வட்டம் அவற்றுக்கு நடுவே காணாமல் போனது. வீட்டு பிளான் வரைகிற ஒருவர் டிரேசிங் பேப்பர் வைத்துவிட்டுப் போயிருந்தார். வெளிச்சம் சீராகப் பரவட்டும் என்று அதை நாலாக மடித்துப் படத்துக்கும் லைட்டுக்கும் நடுவில் செருகினேன். லைட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கையாலேயே பிடித்துக்கொண்டேன். லைட் அசைந்தால் படமும் கெடும் என்பதால் முழங்கையை மேசையில் ஊன்றினேன். தரத்தை உச்சத்தில் வைத்திருந்ததால் ஸ்கேனர் ஊர்ந்து ஊர்ந்து போனது. யுபிஎஸ் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. இன்னும் பாதி கண்ணாடி மிச்சமிருந்தது. ஓடு, ஓடு என்று அந்த மிஷினிடம் சத்தமாகவே சொன்னேன். என் வாழ்க்கையில் எந்தச் சாமியிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

படம் வந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது, விலா எலும்புகள் தெரிந்தன. வட்டத்தைப் பெரிதாக்கினேன். அதன் ஓரத்துக்குச் சற்று உள்ளே, மெல்லிசாக இன்னொரு வட்டம் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் கொடுத்த நம்பரில் சர்ஜன் அம்மாவுக்கு அனுப்பி முடிக்கவும் யுபிஎஸ் அணையவும் சரியாக இருந்தது.

போன் அடித்தது.

"குழந்தையோட அப்பாவா? கவனமா கேளுங்க. ஓரத்துல ரெண்டு வட்டம் தெரியுது, அது காசு இல்லை. பட்டன் பேட்டரி. வீட்டுல அந்த மாதிரி ஏதாவது இருக்கா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நேத்து பால்கனியில வெச்ச பிளாஸ்டிக் அகல்" என்றாள். காற்றில் அணையாது என்று வாங்கிய பேட்டரி விளக்குகள் அவை.

"காசு சும்மா கிடக்கும். இது ஈரம் பட்டா உள்ளேயே சதையை அரிக்கும். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். உடனே கிளம்பி வாங்க, நான் தியேட்டரை ரெடி பண்றேன். நல்ல தேன் கிடைச்சா வழியில ரெண்டு ஸ்பூன், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ரெண்டு ஸ்பூன் கொடுத்துக்கிட்டே வாங்க. அது அரிப்பைக் கொஞ்சம் தடுக்கும், வேற எதுவும் வேண்டாம். தேனுக்காக எங்கயும் நின்னு தேடாதீங்க."

நாட்டு மருந்துக் கடைக்காரர் கேட்ட உடனே தேன் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டார். பக்கத்துத் துணிக்கடை பாய் விஷயத்தைக் கேட்டதும் ஷட்டரை இறக்கிவிட்டு ஆம்னி வண்டியை எடுத்தார்.

தீபம் பார்த்துவிட்டுத் திருவண்ணாமலையிலிருந்து திரும்புகிற கூட்டமெல்லாம் செஞ்சி வழியாகத்தான் போகும். திண்டிவனம் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ் நின்றது. பாய் கையை ஹாரனிலிருந்து எடுக்கவேயில்லை. யாராலும் நகர முடியவில்லை. நான் இறங்கி ஓடி, முன்னால் நின்ற வண்டிகளின் கண்ணாடியை எல்லாம் தட்டினேன். "கொழந்தைங்க, கொழந்தை" என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. ஒரு லாரிக்காரர் வண்டியை மண்ணில் இறக்கி இடம் விட்டார். அதன்பின் பாய் வயல் நடுவே போகும் சின்னச் சாலையில் திருப்பி, மயிலம் வழியாக ஓட்டினார்.

மனைவி விரலால் தேனை நாக்கில் தடவிக்கொண்டே வந்தாள். பாதி உள்ளே போனது, பாதி வெளியே வழிந்தது. மகள் அழுவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

"பேசுங்க அவகிட்ட, தூங்க விடாதீங்க" என்றாள் மனைவி.

என்ன பேசினேன் என்று நினைவில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அந்த அம்மா நின்றிருந்தார். உள்ளே போகும்முன் பேட்டரி இறங்கியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள். இருட்டறை இல்லை, கழுவவில்லை. பொத்தானை அழுத்தியதும் படம் திரையில் வந்து நின்றது. இரண்டு வட்டமும் கண்ணாடி மாதிரி தெரிந்தன. எனக்கு ஆச்சரியம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கும்போதா நான் எமர்ஜென்சி லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்?

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பேட்டரியை எடுத்தார்கள். வெளியே வந்த அந்த அம்மா முகக்கவசத்தை இறக்கினார், ஆனால் சிரிக்கவில்லை.

"எடுத்தாச்சு. ஆனா உணவுக்குழாய் நல்லா வெந்திருக்கு. ஓட்டை விழுமா விழாதான்னு இப்போ சொல்ல முடியாது. இனிமேதான் பார்க்கணும்."

மனைவி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "எடுத்தாச்சுன்னாங்களே, எடுத்தாச்சுன்னாங்களே" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பாய் எங்களுக்கு வாங்கி வந்த டீ ஆறிப்போய்க் கிடந்தது.

ஓட்டை விழவில்லை. வாரக்கணக்கில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுத்தார்கள். ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்கியது. சோறு இறங்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து உள்ளே விரித்துவிட வேண்டும், சில மாதம் கழித்து மறுபடி சுருங்கும், மறுபடி விரிக்க வேண்டும். எத்தனை தடவை புதுச்சேரிக்குப் போனோம் என்பதை எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவளை உள்ளே கொண்டுபோகும்போது கதவு மூடும்வரை என்னையே பார்ப்பாள்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தோசையைப் பிய்த்துப் பிய்த்து, தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்பாள். தட்டுக்கு முன்னால் நாங்கள் இருவரும் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

சென்ற மாதம் வெள்ளை மருந்து ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது இறங்குவதை அப்படியே எக்ஸ்ரேயில் ஓடவிட்டுக் காட்டினார்கள். கதிரைத் தடுக்கும் கனமான அங்கியைப் போட்டுக்கொண்டு நானும் உள்ளே நின்றேன். அவள் ஒரு வாய் குடித்தாள். திரையில் வெள்ளைக் கோடு ஒன்று கழுத்திலிருந்து இறங்கியது. ஓரிடத்தில் வந்து தேங்கியது, நூலாக மெலிந்தது. பிறகு அது மெல்லக் கீழே போனது.

"இன்னொரு வாய் குடிம்மா" என்றார் அந்த அம்மா.