பச்சை கேட் வீட்டுப் படங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நோன்புப் பெருநாள் முடிந்து கல்யாணங்கள் வரிசையாக வந்த நேரத்தில், மீமிசல் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் நடந்தது இது.

நான் பத்தாவது வரை படித்தவள். ஆல்பம் ஒட்டும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். எங்கள் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் வெளி ஆண்கள் போக மாட்டார்கள். அங்கே படம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்று பலரும் கேட்டதால் முதலாளி ஒருநாள் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டார். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. கேமராவுக்குப் பின்னால் நின்றால் யாரும் என்னைக் கவனிப்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. படங்களைக் கொடுத்து முடித்ததும் எங்களிடம் இருப்பதை அழித்துவிட வேண்டும். சில வீட்டம்மாக்கள் கடைக்கே வந்து பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ரீசைக்கிள் பின்னில்கூடத் தங்கக் கூடாது என்பதால் ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே டெலிட் அடிப்பேன். கை அதற்குப் பழகிவிட்டது. பெண்களின் பெயரையும் கம்ப்யூட்டரில் எழுதுவதில்லை. கிணற்றடி வீடு, மஞ்சள் மாடி வீடு என்று வீட்டு அடையாளத்தைத்தான் ஃபோல்டருக்குப் பெயராக வைப்பேன்.

அந்த மாதம் பச்சை கேட் வீட்டில் கல்யாணம். பெண்ணின் அத்தா சவுதியில் இருந்தார். ஒரே மகளின் கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்ணின் அம்மா கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எம்மா, போன்ல பாத்தா அவுகளுக்கு மனசு ஆறாதாம். பென் டிரைவ்ல போட்டு, வார ஆளுகிட்ட குடுத்து விடு, பெரிய டிவியில போட்டு நல்லாப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாக. நீ அவுக கண்ணா இருந்து எடுத்துத் தரணும்."

சனிக்கிழமை மருதாணி, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண்கள் பக்கம் யாரும் செல்போனில் படம் எடுக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். எடுத்தது நான் மட்டும்தான். பெண்ணின் சின்னம்மா கலகலப்பானவர். "ஏம்மா, எங்களையும் நாலு எடு. நாங்க எவ்வளவு பிரியாணி தின்னோம்னு சவுதியில மச்சான் தெரிஞ்சுக்கிறட்டும்" என்று தட்டோடு வந்து நின்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

வீடியோ எடுக்கும்போது பெண் என் கேமராவை நேராகப் பார்த்து, "அத்தா, தெரியுதா? நல்லாப் பாத்துக்கங்க. இங்கிட்டுத் திரும்பட்டுமா?" என்று கேட்டுவிட்டு, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பின்னல், பூ, கையில் மருதாணி, எல்லாம் தெரியும்படி. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி அதற்கு இடம் விட்டார்கள். அதன் பிறகு பெண் ஏதோ சொன்னது. பாதிதான் இப்போது நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மருதாணிப் படங்கள் ஏற்கெனவே 'பச்சை கேட் வீடு' என்ற ஃபோல்டரில் இருந்தன. அவசரத்தில் கல்யாணப் படங்களையும் வீடியோவையும் அதற்குள்ளேயே இன்னொரு ஃபோல்டராகப் போட்டுவிட்டேன். கேமரா கார்டைக் காலி செய்து மறுநாள் வேலைக்கு எடுத்து வைத்தேன். எங்களிடம் இரண்டே கார்டுகள்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு நிச்சயதார்த்தம். அதை முடித்துவிட்டு மதியம் கடைக்கு வந்து ஏற்றப் போனால், கம்ப்யூட்டரில் இடமில்லை. சிவப்புக் கோடு கடைசி வரை போயிருந்தது.

முதலாளி எதையும் அழிக்க விடமாட்டார். எப்போதோ அடித்த ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன், பள்ளிக்கூடம் முடித்துப் போன பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் படம், எல்லாம் நாளைக்குக் கேட்பார்கள் என்று வைத்திருப்பார். அன்று அவரே, "என்னக்கா, கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுது போல. குடுத்து முடிச்சது எதையாச்சும் எடுத்து விடுங்க" என்றார்.

கொடுத்து முடித்தது என்றதும் எனக்கு மருதாணிப் படங்கள்தான் ஞாபகம் வந்தன. அன்று காலையில், நான் நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும் முன்புதான் பெண்ணின் அம்மா அவற்றை வாங்கிப் போயிருந்தார். போகும்போது, "அழிச்சிரும்மா" என்று சொல்லியும் இருந்தார். 'பச்சை கேட் வீடு' என்ற பெயரைப் பார்த்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. ஷிப்ட், டெலிட். கம்ப்யூட்டர் நிஜமாகவே அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினேன்.

சிவப்புக் கோடு நீலமாகி, பாதிக்குக் கீழே இறங்கியது. மருதாணிப் படங்கள் அவ்வளவு இடம் பிடிக்காது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, நல்லவேளை, நிறைய இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு, நிச்சயதார்த்தப் படங்களை எல்லாம் அங்கே ஏற்றினேன்.

புதன்கிழமை கல்யாணப் படங்களைத் தேடியபோதுதான் தெரிந்தது. கார்டை எடுத்துப் பார்த்தேன், அதன்மேல் நிச்சயதார்த்தம் ஏறியிருந்தது.

முதலாளி எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, தப்பு நடந்துபோச்சு" என்று சொல்ல வேண்டியதுதான். எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அவர் நிமிர்ந்து, "என்னக்கா?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

எனக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வெளியே தெரிந்தால் கம்ப்யூட்டரை யாராவது மெக்கானிக்கிடம் கொடுப்பார்கள், அவர் அந்தப் பெண்களின் படங்களை எல்லாம் பார்ப்பார், அது நான் கொடுத்த வாக்குக்கு விரோதம், அதனால் நானே சரிசெய்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். நினைப்பு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையில் நான் பயந்தது எனக்காகத்தான்.

வியாழக்கிழமை முதலாளி வெளியூர் போயிருந்தார். அழிந்த ஃபைலை மீட்பது எப்படி என்று செல்போனில் தேடி, ஒருவர் தமிழில் விளக்கிய வீடியோவைப் பார்த்தேன். அவர் சொன்ன சாஃப்ட்வேரை இறக்கி, அதே கம்ப்யூட்டரிலேயே ஏற்றினேன். ஒரு மணி நேரம் ஓடியபின் வரிசையாகப் பெயர்கள் வந்தன. சாமி கும்பிட்டுக்கொண்டேன். எங்கே சேமிக்க வேண்டும் என்று கேட்டது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அதே டிஸ்க்கைக் காட்டினேன். நூற்றுக்கணக்கில் படங்கள் வந்து விழுந்தன. முதலில் வந்தவற்றைத் திறந்தேன். சில திறக்கவே இல்லை. திறந்தவற்றில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். இன்னொரு முறை செய்தால் சரியாகும் என்று மறுபடியும் ஓட்டினேன். பிறகு மூன்றாவது முறையும்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் பக்கம் அவர் எடுத்த படங்கள் வேறு கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. அதில் மாப்பிள்ளை இருந்தார், நிக்காஹ் இருந்தது, பந்தி இருந்தது, ஊரே இருந்தது. கல்யாணக் கோலத்தில் பெண் மட்டும் எங்கேயும் இல்லை.

"புதுக்கோட்டையில அழிஞ்ச படத்தை மீட்டுக் குடுக்குற ஆள் இருக்காரு. ஆனா அந்த வீட்டம்மாகிட்ட கேக்காம கம்ப்யூட்டரை வெளிய குடுக்க முடியாது. நீங்கதான் போய்ச் சொல்லணும்க்கா" என்றார்.

அன்று சாயங்காலம் பச்சை கேட் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பெண்ணின் அம்மாவே பார்த்துவிட்டு, "ஏன் வாசல்ல நிக்கிற, உள்ள வாம்மா" என்று கூப்பிட்டார். டீயும் தம்ரூட் இனிப்பும் வைத்தார். வெறும் தரையைப் பார்த்தபடி, புதுக்கோட்டை ஆள் வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை. "என்னைக்கும்மா அழிஞ்சுச்சு?" என்று கேட்டார்.

"செவ்வாய்க்கிழமைக்கா."

"இன்னைக்கு வெள்ளி" என்றார். அவ்வளவுதான்.

பெண்ணை மறுபடி அலங்கரித்து எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். "மருதாணி மங்கிப்போச்சு. எடுத்தாலும் அது அன்னைக்கு மாதிரி ஆகுமா?" என்றார். பிறகு எழுந்து, "வா, புதுக்கோட்டையில ஆள் இருக்காருன்னா நானும் வாரேன்" என்றார்.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அறந்தாங்கியில் பஸ் மாறிப் போனோம். புதுக்கோட்டைக் கடையில் இருந்தவருக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அம்மா, படத்தை நீங்களே பாருங்க. நான் அங்கிட்டு உக்காந்து ஃபைல் பேரை மட்டும் கேட்டுக்கிறேன். அக்கா மவுஸைப் புடிக்கட்டும், நான் சொல்லச் சொல்ல அழுத்துங்க" என்றார். முன்பின் தெரியாத அவர், மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல், திரைக்கு முதுகைக் காட்டியபடியே எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். இந்த வழியை நான் யோசித்ததே இல்லை. கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும்.

வேலையைத் தொடங்குமுன், "அழிச்சதுக்கப்புறம் இதுல என்னென்ன பண்ணீங்க?" என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார்.

"அழிச்ச ஒடனே எதுவும் போயிராதுக்கா. பஸ்ஸுல சீட்டுல போட்ட துண்டைத்தான் எடுத்திருக்கீங்க, ஆளு அங்கனதான் உக்காந்திருக்காரு. வேற ஆளை ஏத்தாம நிப்பாட்டியிருந்தா அப்படியே எறக்கியிருக்கலாம். நீங்க காப்பாத்துறேன்னு கொண்டுபோய் வச்சதே அதுமேலதான்."

பக்கத்தில் பெண்ணின் அம்மா இருந்தார். அவர் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

சாயங்காலம் வரை பார்த்தோம். கல்யாணத்தன்று எடுத்த அறுநூறு படங்களில் அறுபது சொச்சம் வந்தன. அவற்றிலும் முழுசாக இருந்தவை கொஞ்சம்தான். பெண்ணின் படம் ஒன்று நெற்றியிலிருந்து உதடு வரை அவ்வளவு தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே சாம்பல். பெண்ணின் அம்மா திரையில் அந்த முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிரியாணித் தட்டோடு நின்ற சின்னம்மா மட்டும் முழுசாகவே வந்துவிட்டார். அதைப் பார்த்துச் சிரித்த பெண்ணின் அம்மா, சிரிப்பு முடிவதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடியோ திறக்கவே இல்லை.

அந்தப் படங்களையே பென் டிரைவில் போட்டு, சவுதிக்குப் போகிற ஊர்க்காரரிடம் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பெண்ணின் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒதுங்கப் போனேன், அவரே வந்து பேசினார். "அவுக அங்க இருக்க கம்ப்யூட்டர்தான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டாக. ரூமுல ஒவ்வொருத்தர் லேப்டாப்பா வாங்கிப் போட்டுப் பாக்குறாகளாம். அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நீயும் ஒண்ணும் சொல்லிக்காத" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். ஆனால் ஒரு மனிதர் வேலை முடிந்து வந்து, கடன் வாங்கிய லேப்டாப்பில் மகளின் முகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறு வருடம் பெண்ணின் அத்தா லீவில் வந்தார். ஒருநாள் மதியம் கடைக்கு வந்து, முதலாளியிடம் பேசிவிட்டு, என்னைப் பார்த்து நின்றார். நரைத்த தாடி, மெல்லிய குரல்.

"நீங்கதானேம்மா எங்க வீட்டுல பொண்ணுக பக்கம் எடுத்தது? அங்க எனக்குப் பாதிப் பாதியாத்தான் தெறந்துச்சு. ஒங்ககிட்ட முழுசா இருக்குமா?"

முதலாளி என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. உங்கள் மகள் உங்களுக்காக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது, அதைப் பார்த்தவள் நான், தொலைத்தவளும் நான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"அழிச்சிட்டோம்ங்க. குடுத்ததும் அழிச்சிர்றது வழக்கம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதுவும் சரிதான். நல்ல வழக்கம். அப்படித்தான் இருக்கணும்" என்று என்னைப் பாராட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

இப்போது எந்த ஃபோல்டரையும் திறந்து பார்க்காமல் நான் அழிப்பதில்லை. தவறு நடந்தால் உடனே கையை எடுத்துவிட்டு முதலாளியைக் கூப்பிடுகிறேன். கடைக்கு வருகிறவர்களிடமும் தயங்காமல் அதைத்தான் சொல்கிறேன். சொல்ல வேண்டிய அந்த ஒருவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை, அவர் ஒவ்வொரு முறை லீவில் வரும்போதும் பச்சை கேட்டைத் தவிர்த்து அடுத்த தெரு வழியாகத்தான் நான் வீட்டுக்குப் போகிறேன்.