பின்சீட்டில் அத்தை

கார் ஓடப் பழக்குகிற தொழிலில் முதலில் தேய்வது வலது கால் சப்பாத்து. எனக்காவது பக்கத்து ஸீட்டில் ஒரு பிரேக் உண்டு. மனைவிக்கோ மச்சானுக்கோ பழக்கப்போய், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட வாசகர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை முழுக்க என்னுடைய சின்னக் காருக்குள் ஓர் அரச குடும்பம் இருந்தது. எந்த நாடு என்பது வேண்டாம். அங்கே பெண்கள் கார் ஓடுவதில்லை என்பது தெரிந்தால் போதும்.

வேலை வந்த விதம்

லண்டனில் ஹைட் பார்க் பக்கம் இருந்த அந்த வீட்டின் டிரைவர் மீரான், காயல்பட்டினத்துக்காரர். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். பெண் ஒருத்திதான் பழக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னதும் அவருக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. பழக வேண்டியவள் நூரா, அந்த வீட்டு மகள், விவாகரத்தானவள். மகள் லுலுவின் காதுச் சிகிச்சைக்காக வருஷத் தொடக்கத்திலேயே லண்டன் வந்திருந்தாள். பெண்பிள்ளைக்கு ஏழு வயதானால் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது அவர்கள் வழக்கம். லுலுவுக்கு ஏழு நெருங்கிக்கொண்டிருந்தது. சிகிச்சை என்று லண்டனில் இருக்கும்வரை யாரும் பிள்ளையைக் கேட்கமாட்டார்கள். ஊர் திரும்பினால் கேட்பார்கள்.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் சாலிஹ், போகும்போது எல்லோரும் சேர்ந்தே போகிறோம் என்று சொல்லிவிட்டார். பெண்கள் மட்டும் இங்கே இருக்க முடியாது, வீட்டு ஆண் ஒருவன் துணையில்லாமல் டிரைவரோடு காரில் போய்வரக் கூடாது, லண்டன் குளிரில் காவல் இருக்க எந்த ஆணும் தயாராக இல்லை. இது அவர் கட்சி. அப்போது முனீரா அத்தை, தகப்பனின் தங்கை, வாயைத் திறந்தாராம்: "அந்நிய ஆண் ஓட்டுவதுதான் பிழை என்றால் அவளே ஓட்டட்டும்." சாலிஹ் சிரித்துவிட்டு, பாஸ் பண்ணினால் பார்ப்போம் என்றிருக்கிறார். இவ்வளவையும் போனில் சொல்லி முடித்த மீரான் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "அவங்க பாஸ் பண்ணிட்டா எனக்கு வேலை போயிரும் டீச்சரம்மா. இருந்தாலும் நல்லாச் சொல்லிக்குடுங்க."

காலி ஸீட்

பழக்கம் தெற்கு லண்டனில், மிச்சம் என்ற ஊரில். காரணம், அவர்கள் ஊர்க்காரர் யாரும் தப்பித்தவறிக்கூட மிச்சத்துக்கு வரமாட்டார்கள். முதல் நாள் பெரிய கறுப்புக் கார் வந்து என் காருக்குப் பின்னால் நின்றது. நான் இடதுபக்க ஸீட்டில் இருந்து, வலதுபக்கக் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். கறுப்பு அபாயாவில் நூரா வந்து பின்கதவுப் பக்கம் நின்றாள். நின்றபடியே இருந்தாள். மீரான் ஓடிவந்து கதவைத் திறந்ததும் ஏறி உட்கார்ந்தாள். மற்றப் பக்கத்தால் சாலிஹ் ஏறினார். அவர் ஏறியதும் கார் ஒருபக்கம் தாழ்ந்தது.

மூன்று பேரும் காலியாக இருந்த டிரைவர் ஸீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரச குடும்பத்துக்கு எப்படி ஞாபகப்படுத்துவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். நூரா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மிக மரியாதையாக, ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள்: "டிரைவர் வரத் தாமதமாகுமா?"

கடைக்காரரின் உதவி

நாங்கள் காரை நிறுத்தும் இடத்துக்கு முன்னால் சிவம் என்பவரின் பலசரக்குக் கடை. இரண்டாவது நாளும் கறுப்புக் கார் வந்து நின்றது. கோட் போட்ட பெரிய ஆள் ஒருவர் இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார். சாலிஹுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அகதி மனுவுக்குப் பதில் வராமல் வருஷக்கணக்காக இருந்த சிவத்துக்குக் கறுப்புக் கார் என்றால் ஒரே அர்த்தம்: ஆள்பிடித்து ஊருக்கு அனுப்ப வந்திருக்கிறார்கள். நான் பாண் வாங்க உள்ளே போனதும் கல்லாவை விட்டு எழும்பி வந்து காதுக்குள் சொன்னார்: "அக்கா, நீங்கள் பின்பக்கத்தாலை போங்கோ. நான் அவையளோடை கதைக்கிறன்."

வழிவிடுதல்

நூராவுக்குக் கிளச்சும் கியரும் சீக்கிரம் கைவந்தன. பிரச்சினை ரவுண்டபௌட். வலதுபக்கத்தால் வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பது அவள் தலைக்குள் போகவே இல்லை. முதல் வாரம் ஒரு பஸ்ஸுக்கும் ஒரு பால் வண்டிக்கும் முன்னால் நேரே போனாள். பிரேக்கை மிதித்தது நான். பஸ் டிரைவர் சொன்னதை இங்கே எழுத ஏலாது. அரச வீட்டுப் பிள்ளை, இவள் கார் வந்தால் ஊரே ஒதுங்கியிருக்கும், அந்தப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, உங்கள் ஊரில் எல்லோரும் உங்களுக்கு வழிவிடுவார்களாக்கும் என்று கேட்டேன். அவள் முகத்திரைக்கு மேலே கண்கள் மட்டும் கண்ணாடியில் தெரிந்தன. பின்னால் அண்ணன் தூங்குகிறாரா என்று அதிலே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வீட்டில் நான் எல்லோருக்கும் வழிவிடுகிறேன் டீச்சர். இங்கேயும் அதுதானா?"

அண்ணனின் இடுப்பு

பின்சீட்டில் இருந்து சாலிஹ் ஓயாமல் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார். கியரை மாற்று, ஹார்ன் அடி, அவனை முந்து. அவருக்கு எப்படி லைசென்ஸ் கிடைத்தது என்று ஒருநாள் கேட்டேன். பதினைந்தாவது பிறந்தநாளுக்குக் கார் பரிசாக வந்ததாம், அதோடு சேர்ந்து வந்ததாம். அன்றைக்குத்தான் அவசர பிரேக் பழக்கினேன். நான் டாஷ்போர்டில் தட்டினால் குழந்தை குறுக்கே ஓடிவந்ததாக நினைத்து உடனே நிறுத்த வேண்டும். தட்டினேன். நூரா நிறுத்தினாள், மிக அழகாக. கையில் காப்பிக் கோப்பையோடு இருந்த சாலிஹ் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வந்து நின்றார். கோட் முழுக்கக் காப்பி. கறுப்புக் காரில் ஏறும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாளையிலிருந்து அத்தை வருவார்."

இந்தப் பக்கத்துக் கதையும் ஒன்று

இதெல்லாம் அந்த வீட்டில் மட்டும்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே மாதம் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் ஆள் ஒருவர் மனைவிக்குப் பழக்கச் சொல்லி வந்தார். ஒவ்வொரு லெசனுக்கும் பின்சீட்டில் ஏறிக்கொள்வார். அந்தப் பெண் வலதுபக்கம் திரும்புவதற்கு முன் கண்ணாடியைப் பார்க்கிறாளோ இல்லையோ, அவர் முகத்தைப் பார்ப்பாள். அண்ணை, நீங்கள் வராவிட்டால் அவ இன்னும் கெதியாப் பழகுவா, பிறகு வேலைக்குத் தானே கார் ஓடிப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் திகைத்துப்போய்விட்டார்: "ஓடத் தேவையில்லை அக்கா, தம்பியின்ரை மனிசி லைசென்ஸ் எடுத்திட்டா, இவவும் எடுத்தாப் போதும்."

முதல் பரீட்சை

பரீட்சையில் இன்னொரு சிக்கல். பரிசோதகர் ஆண். அவரோடு நூரா தனியாகக் காரில் போக முடியாது. பின்சீட்டில் ஒருவர் வாய் திறக்காமல் இருக்கலாம் என்று விதி இடம் கொடுத்தது. முனீரா அத்தை இருந்தார். அறுபது வயது, ஜெபமாலை, பேரீச்சம்பழம் நிரம்பிய கனத்த கைப்பை. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் வாயைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை.

புறப்பட்டுப் போன கார் கால் மணிக்குள் திரும்பி வந்தது. காரை ஓட்டிவந்தவர் பரிசோதகர். பக்கத்து ஸீட்டில் நூரா அழுதுகொண்டிருந்தாள். நடந்தது இது. அவசர பிரேக்குக்காகப் பரிசோதகர் கையில் இருந்த அட்டையை ஓங்கி டாஷ்போர்டில் அடித்திருக்கிறார். நான் எத்தனை தடவை அடித்தும் அத்தை அசைந்ததில்லை. நான் பெண். அந்நிய ஆண் ஒருவன் தன் மருமகளுக்கு முன்னால் கை ஓங்கினால் சும்மா இருப்பதற்காகவா அத்தையைக் காவலுக்கு அனுப்பினார்கள்? பேரீச்சம்பழம் முழுதும் பரிசோதகரின் தோளில் இறங்கியது. அவர் நல்ல மனிதர், பொலிசைக் கூப்பிடவில்லை. தோளைத் தடவிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பரீட்சை முன்சீட்டுக்கு மட்டும்தான் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள்."

ஒத்திகை

மறுபரீட்சைக்கு ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் நாள் கிடைக்க வேண்டும். யாரோ வராமல் விட்ட ஓர் இடம் கிடைத்தது, குடும்பம் விமானம் ஏறும் வாரத்தில். இனி நூராவுக்குப் பழக்க ஒன்றும் இல்லை. அத்தைக்குத்தான் பழக்க வேண்டும். மிச்சம் ஊரின் பொதுவெளிப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, என் இடத்தில் மீரானை இருத்தினேன். அவர் டாஷ்போர்டில் அடிக்க வேண்டும், அத்தை அசையாமல் இருக்க வேண்டும். முதல் தடவை அடிப்பதற்கே மீரானின் கை எழும்பவில்லை. பிஸ்மி சொல்லிக்கொண்டார், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார், பிறகு கதவைத் திறந்து கீழே இறங்கியே விட்டார்: "டீச்சரம்மா, முதல்ல அந்தப் பையை வாங்கி நீங்க வச்சுக்கிடுங்க."

இரண்டாவது பரீட்சை

அதே பரிசோதகர். ஏறுவதற்கு முன் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். அத்தை இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பை என்னிடம். கார் திருப்பத்தில் மறைந்தபிறகு அந்த நிலையத்தின் வாசலில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பேரீச்சம்பழம் தின்றேன். இவள் தோற்றால் அந்த வாரமே விமானம். அதற்குப் பிறகு லுலுவை யார் எந்த வீட்டில் வளர்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், நூராவுக்குத் தெரியும், ஒன்றும் சொல்லாத அத்தைக்கும் தெரியும்.

கார் திரும்பி வந்து நின்றது. இயந்திரம் நின்றபிறகும் யாரும் இறங்கவில்லை. உள்ளே பரிசோதகர் சாலை விதிக் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பெண்களும் இறங்கினார்கள். முகத்திரையில் என்ன தெரியும்? பாஸா பெயிலா என்று தெரியவில்லை. அத்தை நேரே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் அது எதற்கான அழுகை என்று தெரியவில்லை. பின்னால் வந்த பரிசோதகர்தான் சொன்னார்: "அவர் பாஸ். பின்சீட்டில் இருந்தவரும் பாஸ்."

அண்ணன் பார்த்தார்

பார்ப்போம் என்றுதானே சொன்னேன் என்று சாலிஹ் இழுத்தாராம். அப்படியானால் வந்து பார் என்று அத்தை அவரைக் கறுப்புக் காரில் ஏற்றியிருக்கிறார். நூரா ஓட்டினாள். நல்ல மழை. ஹைட் பார்க்கைச் சுற்றி ஒரு வட்டம், மார்பிள் ஆர்ச் நெரிசலில் இன்னொரு வட்டம். ஹார்ன் அடி என்றுகூட அவர் சொல்லவில்லையாம்.

அன்று பின்னேரம் எனக்குப் போன் வந்தது. சாலிஹ். இருக்கட்டும் என்றோ சம்மதம் என்றோ அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற குடும்பம் அல்ல அது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "குளிர்காலத்தில் கண்ணாடியில் பனி உறையும். அதைச் சுரண்டவும் பழக்கிவிடுங்கள்."

பள்ளிக்கூட வாசல்

மார்கழியில் ஒருநாள் அவர்களைப் பார்க்கப் போனேன். மீரான் குரொய்டனில் மினிகேப் ஓட்டத் தொடங்கியிருந்தார், சம்பளம் கூட, சலாம் குறைவு என்று சொல்லிக்கொண்டார். நூராவோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் லுலுவை ஏற்றிக்கொண்டு வந்தோம். பிள்ளைக்கு ஏழு வயதாகி இரண்டு மாதம். காதில் சின்ன இயந்திரம் ஒன்று இருந்தது. முன்பு பின்சீட்டில் அம்மாவின் மடியில் தலைவைத்துப் போனவள், இப்போது அத்தைக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டு இருந்தாள். பெரிய முறைப்பாட்டோடு என் தோளைத் தட்டினாள்: "டீச்சர், அம்மா இப்போதெல்லாம் என்னைப் பார்ப்பதே இல்லை, ரோட்டைத்தான் பார்க்கிறாள்."

கார் ஓடப் பழக்கப்படும் என்று என் காரின் கூரையில் எழுதியிருந்தாலும், அந்தக் கோடையில் நான் அதிகம் பாடுபட்டது சும்மா இருக்க வேண்டியவர்களைச் சும்மா இருக்கப் பழக்குவதற்குத்தான்.